அவர் கேட்ட மன்னிப்பு

ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையில் வயதானவர்கள் பேச்சில் இன்றும் புழங்கும் சொல் ட்வாம். அந்தச் சொல்லைச் சொல்லி என்னிடம் உதவி கேட்டு வந்த ஓர் அம்மாளை, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினேன். அவர் மாடிப்படியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, தப்பு தன்னுடையது என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை.

நோயைக் கண்டுபிடிக்கத் தவறுவது எந்த டாக்டருக்கும் நேரும் என்று நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல் எனக்குப் பொருந்தாது. முதலில் என்னிடம் ஆணவம் இருந்தது. பிறகு பயம் வந்தது. நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

நான் தென் தமிழ்நாட்டுக்காரன். மருத்துவம் படித்ததும் அங்கேதான். மேல்பயிற்சிக்குக் கிளாஸ்கோ வந்தேன். பின்பு அபர்டீன்ஷயரில் பக்கன் என்று அழைக்கப்படும் பகுதியில் பொது மருத்துவராக வேலை கிடைத்தது. கடலோரம் பீட்டர்ஹெட், ஃப்ரேஸர்பரோ என்று மீன்பிடித் துறைமுகங்கள். உள்ளே போனால் பார்லி வயல்களும் மாட்டுப் பண்ணைகளும். இந்தப் பக்கத்துப் பேச்சுக்கு டோரிக் என்று பெயர். ஸ்காட்ஸ் மொழியின் வடகிழக்கு வழக்கு அது. ஆங்கிலத்து 'வாட்' இங்கே 'ஃபிட்' ஆகிவிடும். 'ஃபிட் லைக்?' என்று கேட்டால் எப்படி இருக்கீங்க என்று அர்த்தம். பையன் என்றால் லூன். பெண்பிள்ளை என்றால் க்வைன். இங்கிலாந்துக்காரரே இங்கு வந்து குடியேறினால் கொஞ்ச காலம் திணறத்தான் செய்வார்.

ஸ்காட்ஸ் என்பது கெட்டுப்போன ஆங்கிலம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பிழை. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பழைய ஆங்கிலத்தின் வடக்குக் கிளை 7ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் தென்கிழக்கில் கால் வைத்தது. பிறகு சந்தை நகரங்கள் வழியாக வடக்கே பரவியது. 15ஆம் நூற்றாண்டில் அரசவைக்கும் பாராளுமன்றத்துக்கும் அதுவே மொழி. நார்ஸும் பிரெஞ்சும் டச்சும் கேலிக்கும் அதில் வந்து சேர்ந்தன. சென்னை எழும்பூரில் ஸ்காட்லாந்துக்காரர்கள் 1821இல் திறந்த புனித அந்திரேயா ஆலயத்தை இன்றும் 'கிர்க்' என்கிறார்களே, அது ஸ்காட்ஸ் சொல்தான். இதையெல்லாம் நான் விரும்பிப் படித்தேன். விரும்பிப் படித்தேன் என்பதை இந்த வாக்குமூலத்தில் பதிய வேண்டும். தெரியாதவன் செய்த தவறு அல்ல இது. தெரியும் என்று நினைத்தவன் செய்தது.

ஒரு நோட்டு வைத்திருந்தேன். நோயாளிகள் சொல்லும் ஸ்காட்ஸ் சொற்களை அதில் எழுதுவேன். ஹோஸ்ட் என்றால் இருமல்; நார்ஸிலிருந்து வந்த சொல். ஸ்டவுண்ட் என்றால் விண்விண்ணென்று தெறிக்கும் வலி. பீலி-வாலி என்றால் முகம் வெளிறிக் கிடப்பது. வாபிட் என்றால் சோர்ந்து துவண்டு போவது. ஃபர்ஃபோகன் என்றால் அதற்கும் மேலே; சண்டை போட்டு ஓய்ந்தவனின் களைப்பு அந்தச் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. புதிதாக வரும் டாக்டர்களுக்கு இந்தச் சொற்களை நானே சொல்லிக் கொடுப்பேன். நோயாளிகளிடம் அவர்கள் சொல்லையே திருப்பிப் பேசுவேன். அவர்கள் முகம் மலரும். 'நம்ம பேச்சு தெரிஞ்ச டாக்டர்' என்று வெளியே சொல்வார்கள். அது என் காதுக்கும் வரும். அந்தப் புகழ் எனக்குப் பிடித்திருந்தது. மெல்ல மெல்ல, நோயாளிக்காகக் கற்ற சொற்களை நான் என் பெருமைக்காகப் பேச ஆரம்பித்திருந்தேன். அதை அப்போது நான் உணரவில்லை. உணர்ந்திருக்க வேண்டும்.

அந்த அம்மாள் எழுபதுகளின் கடைசியில் இருந்தார். கணவர் மீன்பிடிப் படகில் வேலை பார்த்து இறந்து போனவர். தனியாக வாழ்ந்தார். கிர்க்கில் பெண்கள் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு அவர் கையில் இருந்தது. டாக்டரிடம் அடிக்கடி வருகிறவர் அல்ல. அப்படிப்பட்டவர் தானே நேரம் கேட்டு வந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இதை மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுப்போம். அன்று எனக்கு அது நினைவில் இல்லை.

பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தபோது தனக்கு ஒரு ட்வாம் வந்தது என்றார். தன் வழக்கில், ஒரு ட்வாமை 'எடுத்தேன்' என்றார். அதற்கு முந்தைய வாரமும் ஒன்று வந்ததாம்.

எனக்கு ட்வாம் தெரியும். கிளாஸ்கோவில் என்னோடு வேலை பார்த்த இளம் டாக்டர்கள் தினமும் சொல்வார்கள். கூட்டத்தில் ஒருவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் 'ட்வாமில் இருக்கிறான்' என்பார்கள். பகல்கனவு. எங்கோ நினைப்பு. என் நோட்டில் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

ஆகவே நான் சிரித்தேன். 'நாம எல்லாருமே அப்பப்ப ட்வாம்ல தான் இருக்கோம்' என்று அவருடைய உச்சரிப்பிலேயே சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அவரும் லேசாகச் சிரித்தார். டாக்டர் சிரிக்கிறார், பயப்பட ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். வாயெடுத்தவர் என்ன சொல்ல வந்தார் என்று நான் கேட்கவில்லை. அதுதான் அந்த நொடி. பல முறை திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டேன். அவர் உதடு பிரிந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் பேச்சை நானே எடுத்துக்கொண்டேன். என் டோரிக் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவர் கவனித்தாரா என்பதில் என் மனம் இருந்தது.

உட்கார வைத்தே ரத்த அழுத்தம் பார்த்தேன். சரியாக இருந்தது. எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்க்கவில்லை. ஈசிஜி எடுக்கவில்லை. திடீரென்று வந்ததா, நினைவு தப்பியதா, தரையில் விழுந்தீர்களா, எவ்வளவு நேரத்தில் தெளிந்தது, யாராவது பக்கத்தில் இருந்து பார்த்தார்களா என்று கேட்கவில்லை. மூன்றாம் வருட மாணவனும் கேட்பான். பார்த்தவர் ஒருவர் இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண். அம்மாள் சுண்ணாம்பாக வெளுத்துச் சரிந்ததையும், உடனே முகம் சிவந்து எழுந்ததையும் அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஒரு கேள்வி கேட்டிருந்தால் அது என் மேஜைக்கு வந்திருக்கும்.

அதைவிட மோசமான ஒன்றையும் செய்தேன். கணினியில் குறிப்பு எழுதும்போது அவர் சொன்ன சொல்லை எழுதவில்லை. நான் புரிந்துகொண்டதை ஆங்கிலத்தில் எழுதினேன். 'கவனம் சிதறுகிறது என்கிறார். கவலைப்படுகிறார். தைரியம் சொல்லி அனுப்பினேன்.' அவ்வளவுதான். அவர் வாயிலிருந்து வந்த ட்வாம் அந்தக் குறிப்பில் எங்கும் இல்லை. அடுத்து அதைப் படிக்கும் யாருக்கும் அப்படி ஒரு சொல் சொல்லப்பட்டதே தெரியாது.

அடுத்து படித்தவர் எங்கள் இடத்திலேயே வேலை பார்த்த இன்னொரு டாக்டர். அம்மாள் மறுபடி வந்தபோது நான் விடுமுறையில் இருந்தேன். அந்த டாக்டர் என் குறிப்பைப் பார்த்துவிட்டு, ஞாபக மறதியின் தொடக்கமாக இருக்கலாம் என்று நினைத்தார். என் குறிப்பை வைத்துப் பார்த்தால் அது நியாயமான யோசனை. நினைவாற்றல் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அவர் மீது குற்றம் இல்லை. நான் தோண்டிய பள்ளத்தில் அவர் விழுந்தார்.

மறதி நோய் வந்துவிட்டது என்று அந்த அம்மாள் நம்பிவிட்டார். இதைப் பிறகு அவருடைய மகள் சொன்னார். கிர்க் கணக்கு நோட்டை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டார். பேரப்பிள்ளைகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ள மறுத்தார். வங்கிக் கடிதங்களைத் திறக்காமல் மகளுக்காக எடுத்து வைத்தார். அடுப்பை அணைத்தோமா என்று எழுந்து எழுந்து பார்த்தார். அவருடைய மூளையில் எந்தக் கோளாறும் இல்லை. கணக்கு அவர் கையில் இருந்தவரை ஒரு பென்னிகூட பிசகியதில்லை என்று கிர்க்கில் சொல்வார்கள். தன் அறிவு தன்னை விட்டுப் போகிறது என்ற பயத்தோடு ஒரு மனுஷி தன் கடைசி நல்ல வாரங்களைக் கழித்தார். நான் தட்டச்சு செய்த ஒரு வரி அதைச் செய்தது. எலும்பு முறிந்ததைவிட இது என்னை அதிகம் உறுத்துகிறது. எலும்பைப் பொருத்த ஆள் இருந்தது.

பிறகு அவர் விழுந்தார். படியில் பாதி ஏறியபோது நினைவு தப்பியது. மறுநாள் காலைதான் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் கம்பிகளைப் பொருத்தி வைத்திருந்தபோது அது திரையில் தெரிந்தது. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சமிக்ஞை போகவில்லை. சில நொடிகள் துடிப்பே இல்லை. நம் ஊரில் 'ஹார்ட் பிளாக்' என்றால் ரத்தக்குழாய் அடைப்பு என்று நினைப்போம். இது வேறு. இதயத்துக்குள் ஓடும் மின்பாதை அறுந்து அறுந்து போவது. துடிப்பு நின்ற நொடிகளில் மூளைக்கு ரத்தம் போகாது. நின்ற இடத்தில் ஆள் சரிவார். முகம் வெளுக்கும். துடிப்பு திரும்பியதும் சிவக்கும். டப்ளினில் ராபர்ட் ஆடம்ஸ் 1827இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1846இலும் விவரித்து எழுதிய மயக்கம் இது. இன்றும் அவர்கள் இருவர் பெயராலேயே சொல்கிறோம். பேஸ்மேக்கர் வைத்தால் தீரும். அவருக்கும் வைத்தார்கள். இடுப்பு முறிந்த பிறகு.

என்னிடம் வந்த அன்று ஈசிஜி எடுத்திருந்தாலும் அதில் ஒன்றும் தெரிந்திருக்காது என்று ஒருவர் சொன்னார். அது உண்மையாக இருக்கலாம். இந்த நோய் விட்டு விட்டு வரும். ஆனால் 'முன்னறிவிப்பின்றி இரண்டு முறை நினைவு தப்பியது' என்று நான் எழுதியிருந்தால் அவரை இதய மருத்துவரிடம் அனுப்பியிருப்போம். உடம்போடு கட்டி அனுப்பும் கருவியில் துடிப்பைப் பதிந்திருப்பார்கள். மறதி நோய் என்று அவரை யாரும் பயமுறுத்தியிருக்க மாட்டார்கள். அந்த வாதத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளப் பார்த்ததும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

செய்தி வந்த இரவு நான் ஸ்காட்ஸ் அகராதியைத் திறந்தேன். அதற்கு நூலகம் போக வேண்டியதில்லை. ஸ்காட்டிய தேசிய அகராதி 1931 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அதை முடித்துக் கொடுத்த டேவிட் மியூரிசன் இதே ஃப்ரேஸர்பரோவில் பிறந்தவர். பழைய ஸ்காட்ஸ் அகராதி 2002இல் முடிந்தது. 2004 முதல் இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தபோது என் முன்னால் இருந்த அதே கணினியில் பார்த்திருக்கலாம். அரை நிமிட வேலை.

ட்வாம் என்பதற்கு அங்கே முதலில் நிற்கும் பொருள் மூர்ச்சை. திடீரென்று வரும் உடல்நலக் கோளாறு. பகல்கனவு அதற்கு அடுத்தது. எடின்பரோவில் ஜான் ஜேமிசன் என்ற போதகர் 1808இல் அச்சிட்ட ஸ்காட்ஸ் அகராதியும் மூர்ச்சை என்றே சொல்கிறது. 16ஆம் நூற்றாண்டு ஸ்காட்டிய எழுத்துகளிலும் இந்தச் சொல் உண்டு. அங்கே அது சாவை நெருங்கும் மயக்கம். நடுவில் 'எல்' எழுத்தோடு 'ட்வால்ம்' என்றும் எழுதினார்கள். அந்த எழுத்துதான் வேரைக் காட்டுகிறது. பழைய ஆங்கிலத்தில் ட்வோல்மா என்றால் குழப்பம், இருட்டுப் பாழ். பழைய ஜெர்மனில் ட்வால்ம் என்றால் உணர்வு மழுங்கிக் கிடப்பது; அப்படி மழுக்கும் பானத்துக்கும் அதே பெயர். டச்சில் ட்வாலன் என்றால் வழி தவறி அலைவது. ஆங்கிலத்தில் இன்று வசிப்பதைக் குறிக்கும் 'ட்வெல்' கூட இந்தக் குடும்பம்தான். ஆதியில் அது வழி தப்பச் செய்வதையும் தடுத்து நிறுத்துவதையும் குறித்தது. பிறகு தங்கி நிற்பதாயிற்று. பிறகு குடியிருப்பதாயிற்று.

உணர்வு முழுதாகப் போவதைச் சொன்ன சொல், பாதி போவதைச் சொல்லி, கடைசியில் நினைப்பு மட்டும் எங்கோ போவதைச் சொல்லத் தொடங்கியிருக்கிறது. கிளாஸ்கோவின் இளைஞர்களிடம் எனக்குக் கிடைத்தது இந்தக் கடைசிப் பொருள். பக்கன் கிழவிகள் முதல் பொருளைக் கைவிடவில்லை. நான் கடைசியை மட்டும் கற்றுக்கொண்டு முழுச் சொல்லும் தெரியும் என்று நம்பினேன்.

இதில் எனக்கு மன்னிப்பே இல்லாத இடம் ஒன்று உண்டு. ஸ்காட்ஸில் 'ட்வாமில் இருந்தேன்' என்றால் பகல்கனவு. 'ட்வாம் எடுத்தேன்' என்றால் மயங்கி விழுந்தேன். பக்கவாதம் வந்ததையும் அவர்கள் 'எடுத்தேன்' என்றுதான் சொல்வார்கள். இதைப் புரிந்துகொள்ள அகராதி தேவையில்லை. தமிழ் போதும். 'மயக்கம் வந்தது' என்று ஒருவர் சொன்னால் நாம் நாற்காலி போடுவோம். 'மயக்கத்தில் இருக்கிறான்' என்றால் காதல் மயக்கமா, குடி மயக்கமா என்று கேட்போம். ஒரே சொல். வினை மாறினால் பொருள் மாறுகிறது. தென் மாவட்டத்து ஆஸ்பத்திரியில் எத்தனையோ ஆத்தாமார்கள் என் முன் உட்கார்ந்து 'கிறுகிறுன்னு வருதுய்யா' என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருவரிடமும் நான் சிரித்ததில்லை. கிறுகிறுப்பு என்றால் உலகம் சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, கால் தள்ளாடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறேன். என் சொந்தப் பேச்சில் நான் கவனமாக இருந்தேன். அடுத்தவர் பேச்சில்தான் எல்லாம் தெரிந்தவனாக நடந்துகொண்டேன்.

அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடந்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். நான் பேச ஆரம்பிக்கும் முன் அவர் பேசினார். மெதுவாக, சொல் சொல்லாக, வானொலிச் செய்தி படிப்பவர் போன்ற ஆங்கிலத்தில் பேசினார். என்னிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை.

'என்னை மன்னிச்சிருங்க டாக்டர். அன்னிக்கு நான் ஒழுங்காப் பேசியிருக்கணும். எங்க பேச்சு உங்களுக்கு எப்படித் தெரியும்? மயங்கி விழுந்தேன்னு நேராச் சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது.'

'ஒழுங்காக' என்ற அந்தச் சொல்லை அவர் எங்கே கற்றார் என்று எனக்குத் தெரியும். அவர் தலைமுறை பள்ளியில் கற்றது. அதன் கதை பழையது. 1603இல் அரசர் லண்டனுக்குப் போனார். 1707இல் பாராளுமன்றமும் போயிற்று. ஸ்காட்லாந்தின் படித்தவர்கள் தங்கள் பேச்சை நினைத்துக் கூசத் தொடங்கினார்கள். டேவிட் ஹியூம் போன்ற பெரிய தத்துவ அறிஞரே தவிர்க்க வேண்டிய ஸ்காட்டியச் சொற்கள் என்று 1752இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அபர்டீனில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் பீட்டி 1787இல் அதேபோல ஒரு புத்தகமே போட்டார். 1946இல் தொடக்கக் கல்வி பற்றி வந்த அரசுக் குழுவின் அறிக்கை, ஸ்காட்ஸ் எங்குமே படித்தவர்களின் மொழி அல்ல என்று எழுதியது. வகுப்பில் வீட்டுப் பேச்சு பேசிய பிள்ளைகளின் உள்ளங்கையில் தோல்வார் இறங்கிய காலம் அது. டாஸ் என்று அந்த வாருக்குப் பெயர். வீட்டில் ஒரு பேச்சு, டீச்சர் முன் இன்னொரு பேச்சு என்று பழகியவர்கள் அவர்கள். டாக்டர் முன்னும் டீச்சர் முன் பேசுவது போலவே பேசுவார்கள்.

அப்படி வளர்ந்தவர் என்னிடம் டோரிக் பேசியது ஏன்? நான் பேச வைத்தேன். என்னிடம் உங்கள் பேச்சே பேசலாம், எனக்குப் புரியும் என்று சொல்லாமல் சொல்லியிருந்தேன். அதை நம்பித்தான் தன் உடம்பில் நடந்ததைத் தன் வாய்க்கு இயல்பான சொல்லில் சொன்னார். மிகச் சரியான சொல்லைச் சொன்னார். எந்த மருத்துவப் பாடநூலும் ஏற்கும் அளவுக்குத் துல்லியமாகச் சொன்னார். நான் அதைக் கெடுத்தேன். அதன் பிறகு அவர் மறுபடி டீச்சர் முன் நிற்கும் பிள்ளையாக என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

'இல்லம்மா, தப்பு என்னோடது' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மூன்று சொற்கள். 'அதெல்லாம் இப்ப யோசிக்காதீங்க, நல்லா ஆகட்டும்' என்றேன். கேட்க இதமாகத்தான் இருக்கும். அதன் அர்த்தம் வேறு. உங்கள் மன்னிப்பை வாங்கிக்கொள்கிறேன் என்பதே அதன் அர்த்தம். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. டாக்டர் கோபப்படவில்லை என்ற நிம்மதி.

ஏன் சொல்லவில்லை? பயம். புகார் வரும் என்று பயந்தேன். வெளிநாட்டில் படித்து வந்த டாக்டர் என்பதால் என்னை இன்னும் கடுமையாகப் பார்ப்பார்கள் என்று பயந்தேன். அதைவிடக் கேவலமான ஒரு பயமும் இருந்தது. நம்ம பேச்சு தெரிந்த டாக்டர் என்ற பெயர் போய்விடுமே என்று பயந்தேன். முன்னதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்ல முடியும். பின்னதை இப்போதுதான் சொல்கிறேன்.

இப்படி ஏதாவது நடந்தால் எங்கள் இடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசி எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. யாரையும் தண்டிக்க அல்ல, மறுபடி நடக்காமலிருக்க. அந்தத் தாளை நானே எழுதினேன். 'நோயாளி வட்டாரச் சொல்லைப் பயன்படுத்தியதால் தகவல் பரிமாற்றத்தில் இடர்ப்பாடு ஏற்பட்டது' என்று எழுதினேன். இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம். கூடியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். வட்டாரச் சொற்கள் பற்றி நான் ஒரு வகுப்பு எடுத்தால் நன்றாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். எடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எடுக்கவும் செய்தேன். அந்த வகுப்பில் ட்வாம் பற்றி விளக்கினேன். மூர்ச்சை என்ற முதல் பொருளைச் சரியாகச் சொன்னேன். அதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. ஒருவரின் விழுதலை என் பாடமாக்கி, அதற்கும் பாராட்டு வாங்கினேன்.

அம்மாள் தன் வீட்டுக்குத் திரும்பவில்லை. தனியாக நடமாட முடியாததால் முதியோர் இல்லத்துக்குப் போனார். அங்கே நான் பார்க்கப் போகும்போதெல்லாம் டீச்சரிடம் பேசும் ஆங்கிலத்திலேயே பேசினார். ஒருநாளும் டோரிக் வரவில்லை. பக்கத்து நாற்காலிக்காரியிடம் சரளமாக வரும். நான் அறைக்குள் நுழைந்ததும் நின்றுவிடும். இது நான் கண்ணால் பார்த்த சேதம். அடுத்த குளிர்காலத்தில் நிமோனியா வந்து இறந்தார். இடுப்பு முறிந்து படுத்துவிடும் முதியவர்களுக்கு இது அடிக்கடி நேர்வதுதான். அவர் விழாமலிருந்தால் இன்னும் எவ்வளவு காலம் இருந்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பது எனக்குச் சாதகமான வாதம் அல்ல.

ஸ்காட்ஸ் மொழிக்கு 2025இல் சட்டப்படி அங்கீகாரம் கிடைத்தது. செய்தியைப் படித்த அன்று எங்கள் இடத்தில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். என்னிடம் வந்து கருத்துக் கேட்டார்கள். எனக்கு அந்த அம்மாளின் வானொலி ஆங்கிலம் காதில் கேட்டது. அன்று மாலை அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். 'வட்டாரச் சொல்' என்று தொடங்கும் வாக்கியத்தை விலக்கிக்கொள்வதாகத் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். நோயாளி மயங்கி விழுந்ததாகத் தெளிவாகச் சொன்னார், மருத்துவர் கேட்கவில்லை, விசாரிக்கவில்லை, அவர் சொன்ன சொல்லைப் பதியவும் இல்லை என்று எழுதினேன். சக டாக்டர்களைக் கூட்டி அதை வாசித்தேன். மறதி நோய்ப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தவரும் இருந்தார். இத்தனை காலம் அந்தப் பரிசோதனையை நினைத்துத் தானே குற்றவாளி என்று அவர் மருகிக்கொண்டிருந்திருக்கிறார். அதுவும் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு மகளைப் போய்ப் பார்த்தேன். முழுவதையும் சொன்னேன். சிரித்தது, எழுதாமல் விட்டது, மன்னிப்பை வாங்கிக்கொண்டது, தாளில் எழுதியது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

'இதை அம்மாகிட்ட சொன்னீங்களா?'

'இல்லை' என்றேன்.

'ஒரு வருஷத்துக்கு மேல டைம் இருந்துச்சே' என்றார்.

இருந்தது. முதியோர் இல்லத்தில் அவர் அறையில் நான் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு முறையும் இருந்தது. அதற்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மகள் என்னை மன்னிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. புகார் கொடுக்க அவருக்கு உரிமை உண்டு என்று சொல்லி, எங்கே எழுத வேண்டும் என்ற விவரத்தையும், திருத்திய தாளின் நகலையும் கொடுத்துவிட்டு வந்தேன். எழுதுவாரா என்று எனக்குத் தெரியாது. எழுதினால், இங்கே சொன்னதையே அங்கேயும் சொல்வேன்.